ஒப்பனையில்லாத முகம்

டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்து 1928இல் வெளியான ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’, பேசாப்படங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. 1431இல் ரூவான் நகரில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் மீது நடந்த விசாரணையின் பதிவேடுகளே கதைக்கு ஆதாரம். போர்க்களம் இல்லை, முடிசூட்டு விழா இல்லை. மடக்கி மடக்கிக் கேட்கும் குருமார்கள், பதில் சொல்லும் ஒரு பெண், அவ்வளவுதான்.

ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்தில் ஒப்பனை கிடையாது. அண்மைக் காட்சிகளில் அச்சமும் விசுவாசமும் அதே கண்களில் மாறிமாறி வருகின்றன. நீதிபதிகளின் சுருக்கமும் மருவும்கூடக் கேமராவுக்குத் தப்புவதில்லை.

மூல நெகட்டிவ் தீயில் அழிந்தது. 1981இல் நார்வேயின் மனநல மருத்துவமனை ஒன்றில் கிடைத்த பிரதிதான் டிரையரின் முதல் வடிவத்தை மீட்டுத் தந்தது. வரலாற்றை ஒரு மனசாட்சியின் போராட்டமாகக் காட்டிய இந்தப் படத்தை, வாய்ப்புக் கிடைத்தால் பெரிய திரையில் பாருங்கள்.