கதவோரத்துச் சின்ன எழுத்து

மியூனிக் நகரில் ஹாக்கர்ப்ரூக்கே பாலத்தை ஒட்டி, 2009இல் திறந்த ஒரு பஸ் நிலையம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அங்கே போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் பச்சை பஸ்கள்தான். ஓட்டுநர் கதவருகே நின்று ஒவ்வொருவர் செல்போனிலும் இருக்கும் டிக்கெட்டை ஸ்கேன் செய்கிறார். சூட்கேஸ்களை டிக்கியில் அடுக்குவதும் அவரேதான், நடத்துநர் கிடையாது. பஸ்ஸின் பக்கவாட்டில் தூரத்திலிருந்தே தெரியும் அளவுக்கு ‘ஃபிளிக்ஸ்பஸ்’ என்று எழுதியிருக்கிறது. முன்கதவுக்குப் பக்கத்தில் சற்றுக் குனிந்து பார்த்தால், சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் தெரியும். அதுதான் பஸ்ஸின் உண்மையான சொந்தக்காரர். வண்டிக்குத் தவணை கட்டுவதும், டீசல் போடுவதும், ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர். பச்சை நிறத்துக்குரிய நிறுவனம் எந்த ஊருக்கு எந்த நேரத்தில் பஸ் விடுவது, என்ன கட்டணம், எப்படி விற்பது என்பதைப் பார்த்துக்கொள்கிறது. டிக்கெட் பணத்தில் அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய கால் பங்கு.

பத்தே ஆண்டில் நாற்பது நாடுகளை எட்டிய இந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு கட்சி. ஏழைக்கும் மாணவனுக்கும் பயணத்தை மலிவாக்கியது என்று ஒரு கட்சி கொண்டாடுகிறது. சிறிய முதலாளிகளின் முதுகில் ஏறி நிற்கிறது என்று மறு கட்சி திட்டுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரே நிறுவனம், ஒரே முறை, ஒரு நாட்டில் நன்றாக நடந்து இன்னொரு நாட்டில் பயணியைத் தெருவில் நிறுத்துகிறதே, அது ஏன் என்ற கேள்வியை இருவருமே தொடுவதில்லை. என் கணிப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் 2012 வரை ஊர்விட்டு ஊர் போகும் பஸ் என்பதே அரிது. காரணம், 1930களில் ரயிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம். ரயில் ஓடும் தடத்தில் பஸ் விட அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். நாடு பிளவுபட்டிருந்த காலத்தின் மிச்சமாக பெர்லினுக்குப் போகும் பஸ்கள் மட்டும் விதிவிலக்காக ஓடின. இந்தக் கதவை முதலில் தட்டியவர்கள் ‘டைன்பஸ்’ என்று தொடங்கிய மூன்று மாணவர்கள். போதிய ஆள் சேர்ந்தால் பஸ் கிளம்பும் என்ற முறையில் 2009இல் அவர்கள் ஆரம்பித்ததை எதிர்த்து அரசு ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் வழக்குப் போட்டு, 2011இல் தோற்றது. 2013 ஜனவரி 1 முதல் சட்டமே மாறியது. ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தை உள்ளூர் ரயிலுக்கென்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, மற்றதைத் திறந்துவிட்டார்கள்.

டேனியல் கிராவுஸ், யோகென் எங்கர்ட், ஆந்த்ரே ஷ்வெம்லைன் என்ற மூன்று நண்பர்கள் 2011இல் மியூனிக்கில் தொடங்கிய இந்தப் பச்சை பஸ் நிறுவனம், சட்டம் மாறிய சில வாரங்களிலேயே பவேரியாவில் முதல் பஸ்களை விட்டது. போட்டியாளர்கள் சாமானியர்கள் இல்லை. ஜெர்மன் அஞ்சல் நிறுவனமும் மோட்டார் சங்கமும் சேர்ந்து ஒரு சேவை, பிரிட்டனின் நேஷனல் எக்ஸ்பிரஸ் ஒன்று, ரயில் நிறுவனத்தின் பஸ்களே தனியாக, பெர்லினிலிருந்து முன்னணியில் ஓடிய ‘மைன்ஃபெர்ன்பஸ்’ ஒன்று. எல்லோரும் நஷ்டத்துக்கு டிக்கெட் விற்றார்கள். 2014இல் பிரிட்டிஷ் நிறுவனம் விலகியது. அதே ஆண்டு, கதவைத் தட்டிய மாணவர்களின் டைன்பஸ் திவாலானது. 2015 ஜனவரியில் மைன்ஃபெர்ன்பஸ்ஸுடன் இணைப்பு. 2016இல் இன்னொரு போட்டியாளரான மெகாபஸ்ஸின் ஐரோப்பியப் பகுதியும் அஞ்சல் நிறுவனத்தின் பஸ்களும் கைக்கு வந்தன. ரயில் நிறுவனம் தன் முக்கிய பஸ் சேவையை அந்த ஆண்டு முடிவில் மூடியது. நான்கே ஆண்டில், திறந்துவிட்ட சந்தையின் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறத்துக்குப் போய்விட்டது.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் என்று சொல்லப்படுகிறது. நான் முழுதாக ஏற்கவில்லை. டிக்கெட் செயலி எல்லோரிடமும் இருந்தது. பஸ் வாங்கப் பணம் போடாததால் முதலீட்டாளர் பணம் முழுவதையும் விளம்பரத்திலும் குறைந்த கட்டணத்திலும் கொட்ட முடிந்தது என்பது முதல் காரணம். மைன்ஃபெர்ன்பஸ்ஸும் அதே முறைதான். அதனால்தான் முன்னணியில் நின்ற இருவரும் அவர்களாக இருந்தார்கள். இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. ஜெர்மனியில் நெடுஞ்சாலைக்கு லாரி சுங்கம் கட்டுகிறது, பஸ் கட்டுவதில்லை. ரயிலோ ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும் கட்டணம் செலுத்துகிறது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: 2020இல் தொலைதூர ரயில் டிக்கெட்டுக்கான வரியை 19 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைத்த அரசு, பஸ்ஸுக்கு 19ஐயே வைத்துக்கொண்டது. அந்த நிறுவனம் அதை எதிர்த்துக் குரல் எழுப்பியது நியாயம்தான். நிரம்பிய பஸ் கக்கும் கரியமில வாயு, ஆள் ஒன்றுக்குக் கணக்கிட்டால், ரயிலுக்குச் சமமாகத்தான் வருகிறது.

போட்டி ஒழிந்த பிறகு கட்டணம் எகிறியிருக்க வேண்டும் அல்லவா? பாடநூல் பொருளாதாரம் அப்படித்தான் சொல்லும். ஓரளவு ஏறியது, எகிறவில்லை. ஏனென்றால் உண்மையான போட்டி பஸ் நிலையத்துக்கு வெளியே இருந்தது. ரயில் நிறுவனம் தூக்கத்திலிருந்து விழித்து, 20 யூரோவுக்குள் தொலைதூர டிக்கெட் விற்க ஆரம்பித்தது. 2017இல் அதிவேக ரயிலின் இரண்டாம் வகுப்பிலும் இலவச வைஃபை கொடுத்தது. 2023 மே மாதம், மாதம் 49 யூரோவில் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம் என்ற டிக்கெட் வந்தது. பஸ்ஸில் ஏறாதவர்களுக்கும் இந்தப் பச்சை பஸ்ஸால் லாபம் கிடைத்தது என்பது என் துணிபு. நிறுவனத்தின் வளர்ச்சிக் கணக்கில் இதுதான் மிகப் பெரிய வரவு. அதன் ஆண்டறிக்கையில் இடம்பெறாத வரவும்கூட.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1914இல் மின்னசோட்டாவின் ஹிப்பிங் என்ற சுரங்க ஊரில் தொடங்கிய கிரேஹவுண்ட், அமெரிக்காவில் கார் இல்லாதவர்களின் வாகனம். கைமாறிய காலத்தில் அதற்கு 2,400 இடங்கள், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் பயணிகள். 2021 அக்டோபரில் ஃபிளிக்ஸ்பஸ்ஸை நடத்தும் ஃபிளிக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. கைமாறிய விலை 4.6 கோடி டாலர், பின்னால் தரவேண்டியது 3.2 கோடி. விற்ற ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனம் பஸ் நிலையக் கட்டடங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவற்றில் 33 நிலையங்களை மனை வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 14 கோடி டாலருக்கு விற்றது. அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடு முழுக்க ஓடும் பஸ் சேவையின் விலையைவிட, பயணி உட்கார்ந்து காத்திருந்த கட்டடங்களின் விலை அதிகம்.

நிலையம் சொந்தமாக இல்லாததன் விளைவு 2023இல் ஃபிலடெல்ஃபியாவில் தெரிந்தது. ஃபில்பர்ட் தெருவில் பல்லாண்டு இயங்கிய நிலையத்தின் குத்தகை முடிந்து, ஜூன் மாதம் மூடப்பட்டது. பஸ்கள் மார்க்கெட் தெரு நடைபாதையோரம் நிற்க ஆரம்பித்தன. கூரை இல்லை, கழிப்பறை இல்லை. பெட்டியோடும் கைக்குழந்தையோடும் சனங்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நகராட்சி நிறுத்தத்தை ஸ்ப்ரிங் கார்டன் தெருவுக்கு, ஆற்றுப் பக்கம், நகர மையத்திலிருந்து தள்ளி மாற்றியது. நிலையங்களை விற்றது ஃபிளிக்ஸ் அல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலையம் இல்லாத பஸ் சேவையை அறிந்தே வாங்கியது ஃபிளிக்ஸ்தான். பஸ் வாங்காதே, கட்டடம் வாங்காதே, வழித்தடத்தையும் விலையையும் மட்டும் கையில் வை என்பது அதன் ஆதாரக் கொள்கை. ஐரோப்பாவில் கட்டடத்தைப் பெரும்பாலும் நகரமோ பொது அமைப்போ பார்த்துக்கொண்டதால் அந்தக் கொள்கையின் ஓட்டை தெரியவில்லை. அங்கேயும் ஒரு முன்னறிகுறி இருந்தது: 2015இல் கொலோன் நகராட்சி நெரிசல் தாங்காமல் தொலைதூர பஸ்களை நகரத்துக்குள்ளிருந்து விமான நிலையத்துக்குத் துரத்தியது. ஆனால் கொலோன் பயணிக்கு அது அலைச்சல் மட்டுமே, மாற்றாக ரயில் இருந்தது. அமெரிக்கச் சிற்றூர்க்காரருக்குப் பெரும்பாலும் வேறு எதுவும் இல்லை.

சிறிய முதலாளிகளின் பக்கம் வருவோம். கால் பங்கு கமிஷன் அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். மூன்று பஸ் வைத்திருக்கும் குடும்ப நிறுவனம் தானாக பெர்லின், ப்ராக், வியன்னா என்று டிக்கெட் விற்க முடியாது. கூட்டம் இருக்கும் நாளில் இந்த ஒப்பந்தம் இருவருக்கும் லாபம். சோதனை, கூட்டம் இல்லாத நாளில்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பச்சை பஸ்கள் முழுவதுமாக நின்றன. பஸ் சொந்தமில்லாத நிறுவனத்துக்குத் தவணை இல்லை. கதவோரத்துச் சின்ன எழுத்துக்காரருக்கு அது இருந்தது. விபத்திலும் இதே பிரிவினைதான். 2024 மார்ச் 27 அன்று பெர்லினிலிருந்து சூரிச் போன பஸ் லைப்சிக் அருகே கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். செய்திகளில் வந்தது பச்சைப் பெயர். பஸ்ஸும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையவை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஃபிளிக்ஸ்பஸ்ஸின் வளர்ச்சி உண்மையான சாதனை. அதைப் பித்தலாட்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது தனக்குத்தானே நிற்கும் சாதனை இல்லை. சுங்கமில்லாத சாலை, பொது பஸ் நிலையம், எதிரே மல்லுக்கு நிற்கும் ரயில், ஓட்டுநரின் நேரத்தை அளக்கும் சட்டம் ஆகிய நான்கும் இருந்த இடத்தில் மலிவு உண்மையான மலிவாக இருந்தது. இவை இல்லாத இடத்தில் மிச்சமான பணம் பயணியின் காத்திருப்பிலிருந்தும் சின்ன முதலாளியின் கடனிலிருந்தும் எடுத்ததாகிவிட்டது. அதனால் ஜெர்மன் வளர்ச்சிக்கு என் வாக்கு. அமெரிக்க வளர்ச்சிக்கு இல்லை.

இது நமக்கும் அக்கறையான விஷயம். 2024 பிப்ரவரியில் டெல்லியை மையமாக வைத்து இந்தியாவில் இறங்கிய நிறுவனம், அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரிலிருந்து சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பஸ் விட்டது. தொடக்கச் சலுகை 99 ரூபாய். ஆம்னி பஸ் நமக்குப் புதிதில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் மதுரைக்கு டிக்கெட் தேடியவருக்கு, கூட்டத்தைப் பார்த்து ஏறும் கட்டணமும் புதிதில்லை. புதியது, பெயர் மாறுவது. இதுவரை நம் ஊரில் முதலாளியின் பெயர்தான் பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக இருந்தது. ஏதாவது ஆனால் யாருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுவது என்று பயணிக்குத் தெரியும். பச்சை பெயின்ட் அடித்ததும் அந்தப் பெயர் கதவோரத்துக்குப் போய்விடுகிறது.

சென்னையின் கிளாம்பாக்கத்தில் அரசு கட்டிய நிலையம் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் 2023இன் ஃபிலடெல்ஃபியாவைவிட நாம் மேல். ஓட்டுநர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும், ஒரு நாளில் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் எப்போது ஓட்டினார், எப்போது நிறுத்தினார் என்பதை டேஷ்போர்டில் இருக்கும் டேகோகிராஃப் கருவி பதிவு செய்கிறது. போலீஸ் எந்த இடத்திலும் நிறுத்தி அதைப் படித்துப் பார்க்கலாம். நம் நாட்டிலும் 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொன்னது. அதை அளக்கும் கருவி ஆம்னி பஸ்ஸின் டேஷ்போர்டில் கட்டாயமில்லை. பச்சை நிறுவனம் இந்தியாவில் ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்தக் கருவியைத் தன் செலவில் பொருத்தி, பதிவைப் போக்குவரத்துத் துறைக்குத் திறந்து வைக்கட்டும். பெர்மிட் கொடுக்கும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்; 99 ரூபாயைப் பற்றி அப்புறம் பேசலாம்.