சேரன் தேர்ந்த கல்

மாண்டார்க்கு நினைவுச் சின்னம் அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கைத் தொல்காப்பியர் புறத்திணையியலில், கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளாக வகுத்தார். இளங்கோவடிகளும் அம்முறையை அடியொற்றி, வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனப் பெயர் சூட்டினார். வீரர்க்கு உரிய சிறப்பை வணிகர் குலப் பெண்ணொருத்திக்கு ஆக்கியது அக்காப்பியத்தின் பெருமை. எனினும், கல்லைத் தேர்ந்த முறையை உற்று நோக்குங்கால் உள்ளத்தை உறுத்தும் வினா ஒன்று எழுகின்றது. செங்குட்டுவன் கல் தேடியது கண்ணகிக்காகவா, தனக்காகவா?

யாருக்குச் சிறப்புச் செய்வது என்பதை முடிவு செய்தவள் அரசியே. கணவனுடன் உயிர்நீத்த பாண்டிமாதேவி, தம் நாட்டை வந்தடைந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத் தக்கவர் யார் என மன்னன் வினவ, நம் நாடு தேடி வந்த பத்தினியைப் பரவுதல் வேண்டும் என்கிறாள் அவள். அச்சொல்லில் பரிவு இருக்கிறது. அடுத்து, கல்லை எங்கிருந்து கொணர்வது என்ற ஆராய்ச்சி. பொதியிலிலும் கல் உண்டு, இமயத்திலும் உண்டு. காவிரியிலும் நீராட்டலாம், கங்கையிலும் நீராட்டலாம் என்று இரு வழியும் சொல்லப்படுகின்றன. பொதியிற் கல்லைக் காவிரியில் நீராட்டுவது தன் மறக்குடிக்குச் சிறப்பாகாது என மன்னன் இமயத்தைத் தேர்கிறான். புகாரிலே பிறந்தவளுக்குக் காவிரியினும் உரிய நீர் யாது? அந்த எண்ணம் அவனுக்கு எழவேயில்லை. விளைவு, 18 நாழிகைப் போர். கனக விசயர் தலைமேல் கல். வஞ்சியை விட்டு நீங்கிய 32 திங்கள்.

அடிகள் இதனை உணராதவர் அல்லர். வெற்றிக் களிப்புடன் மன்னன் கங்கைக் கரையில் வீற்றிருக்கும் வேளையிலேதான் மாடலன் வாயிலாகப் புகார்ச் செய்தியைச் சொல்ல வைக்கிறார். கோவலன் தந்தை பொருளையெல்லாம் தானமாக ஈந்து துறவு பூண்டான். கண்ணகியின் தந்தையும் அவ்வாறே அறம் செய்து துறந்தான். தாயர் இருவரும் துயர் தாளாது மாண்டனர். உண்மையில் இழந்தவர்கள் கல் தேடிப் போகவில்லை. கையில் இருந்ததைப் பிறர்க்குக் கொடுத்தார்கள். இவ்விரண்டையும் ஒரே காதையில் அருகருகே வைத்ததே அடிகளின் தீர்ப்பு என்பேன்.

ஆயினும் கல் வீண் என்று முடிப்பது நேர்மையாகாது. அது நின்றதனால் அன்றோ தேவந்தியும் செவிலியும் அடித்தோழியும் வந்து அழ ஓர் இடம் கிடைத்தது! வாழ்த்துக் காதையில் அவர்கள் அரசன் முன் தங்கள் பெயரையோ குலப் பெருமையையோ பேசவில்லை. கண்ணகிக்குத் தாம் என்ன உறவு என்பதையே சொல்கின்றனர். அவர்கள் அரற்றிய பின்னரே கண்ணகியின் தெய்வ வடிவம் செங்குட்டுவனுக்குத் தோன்றுகிறது. இமயக் கல் தராத காட்சியை உறவினர் சொல் தந்தது.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. என் தாயார் தலைநகரில் எங்கள் அரசுக் குடியிருப்பிலே காலமானார். அஸ்தியை அரித்துவாரத்தில் கங்கையில் கரைத்தோம். பின்னர், சொந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல் பதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் செய்தேன். அடியில் என் பெயரும் பதவியும் இருக்க வேண்டும் என எண்ணியதை மறைப்பானேன்? தங்கை ஒரே வரி எழுதினாள்: “அண்ணா, அம்மாவுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாதே, இந்தக் கல் யார் படிப்பதற்கு?” நான் பதில் எழுதவில்லை. சேரனைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை என்பது அன்று விளங்கியது.

வெயிற்காலத்தில் தெருவில் வரும் காய்கறிக்காரருக்கு ஒரு செம்பு மோர் கொடுப்பது தாயாரின் வழக்கம். மொழி தெரியாமலே அவருடன் நலம் பேசுவார். இப்போது அந்த மோரை என் மகள் கொடுக்கிறாள். பாட்டி எப்படிப் பேசினார் என்பதையும் நடித்துக் காட்டுகிறாள். ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்க்குக் கல் நடச் சொந்த நிலம் இல்லாதிருக்கலாம். தொல்காப்பியர் வகுத்த இறுதித் துறையாகிய வாழ்த்துக்கு நிலம் வேண்டுவதில்லை.