வெள்ளை உடுப்பும் மடனும்: ஈலிங் நகைச்சுவைப் படங்களைப் பற்றி ஒரு கருத்து

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் கணக்குச் சொல்கிறார். பிறரை எள்ளுவதும், இளமையும், பேதைமையும் எல்லாருக்கும் புரியும். நான்காவதாகிய மடன்தான் சங்கடம். அதற்கும் பேதைமைக்கும் என்ன வேறுபாடு? ஒன்றுமே தெரியாதது பேதைமை. ஒருவர் சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது மடன் என்று உரை வழியாக அறிகிறோம். இந்த மடனுக்கு நான் கண்ட நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. மைக்கேல் பால்கன் தலைமையில் ஈலிங் ஸ்டூடியோ 1947 முதல் 1955 வரை எடுத்த நகைச்சுவைப் படங்களைச் சொல்கிறேன்.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘மென்மையான நகைச்சுவை, குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு பார்க்கலாம், சரி. மென்மை என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனட்ஸ்’ (1949) படத்தில் டியூக் பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஒருவன் உறவினர் 6 பேரைக் கொல்கிறான். ‘தி லேடிகில்லர்ஸ்’ (1955) படத்தில் கொள்ளையர் 5 பேரும் செத்து, அறை வாடகைக்கு விட்ட கிழவியம்மா மட்டும் மிஞ்சுகிறாள். இதில் மென்மை எங்கே இருக்கிறது?

ஆனால் யாரும் நம்மைச் சிரிக்கவைக்கப் பாடுபடுவதில்லை. கொலைகாரன் கணக்குப் பிள்ளை மாதிரி ஒழுங்காகக் கொல்கிறான். கிழவியம்மா கொள்ளைக்காரர்களுக்கும் மரியாதை சொல்லிக்கொடுக்கிறாள். ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ (1949) படத்தில், பழைய சாசனப்படி தங்கள் பேட்டை பர்கண்டி நாட்டுக்குச் சொந்தம் என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் ரேஷன் புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். ‘அப்படியா, அப்ப நீங்க வெளிநாடு’ என்று அரசாங்கமும் தெருமுனையில் சுங்கச் சாவடி போட்டுவிடுகிறது. இரண்டு பக்கமும் பிடித்த பிடி விடுவதில்லை. ‘லேடிகில்லர்ஸ்’ கதையைக் கோயன் சகோதரர்கள் 2004இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள். அதில் ஆளாளுக்குச் சேட்டை செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனசில் முதலிடம் ‘தி மேன் இன் தி வொயிட் சூட்’ படத்துக்குத்தான். 1951இல் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கியது. நான் ஜவுளி வியாபாரி, ஆகவே கொஞ்சம் பட்சபாதம் இருக்கலாம். ஆலெக் கின்னஸ் நடிக்கும் சிட்னி ஸ்ட்ராட்டன் என்ற ரசாயனக்காரன் மில் மில்லாக வேலைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் சொந்த ஆராய்ச்சி செய்து, செலவுக் கணக்கு வெளிப்பட்டு வேலையிழக்கிறான். கடைசியில் ஒரு நூலைக் கண்டுபிடித்தே விடுகிறான். அந்தத் துணி கிழியாது, அழுக்கு ஒட்டாது, சாயமும் ஏறாது. அதனால்தான் வெள்ளை உடுப்பு. இருட்டில் லேசாக ஒளி வேறு விடுகிறது.

நல்ல துணி என்றால் கிழியக் கூடாது. அவன் அறிந்தது அவ்வளவுதான், அதை விடமாட்டான். ஒருமுறை வாங்கினவர் மறுபடி வாங்கமாட்டாரே என்று மில் முதலாளிகள் பதறுகிறார்கள். வேலை போய்விடுமே என்று தொழிலாளிகள் பதறுகிறார்கள். என்றைக்கும் எதிரும் புதிருமாய் நிற்கிற இரு கட்சியும் சேர்ந்து ஒரே ஆளைத் துரத்துகிறது! இத்தனை பேரில் அயோக்கியன் என்று ஒருவரைக் கைகாட்டுவது கடினம். துணி துவைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கும் வீட்டுக்காரக் கிழவி அவனை வழிமறித்து, துவைக்கத் துணியே இல்லாமல் போனால் என் பாடு என்ன ஆகும் என்ற பொருளில் கேட்கிறாள். முதலாளிகள் காட்டிய பணத்துக்கு அசையாதவன் இங்கே வாயடைத்து நிற்கிறான். படத்தின் உயிர் அந்த இடம்.

வியாபாரியாக எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கிழிந்தால்தான் ஜனங்கள் துணி வாங்குவார்கள் என்று கதை கருதுகிறது. அப்படியானால் தீபாவளிக்கு நம் கடைகளில் ஏன் கூட்டம்? பெட்டியில் பத்துப் புடவை நன்றாகத்தானே இருக்கிறது? மான்செஸ்டர் கம்பெனி ஒன்றில் 1941இலேயே வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் டெரிலினைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சட்டைகள் நம் ஊருக்கும் வந்தன. லேசில் கிழியவில்லை, ஆனாலும் பழைய மோஸ்தர் என்று மூலைக்குப் போயின. ஜவுளி வியாபாரம் அதனால் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கே ரேஷன். கூப்பன் கொடுத்து வாங்கி, ஒட்டுப்போட்டு உடுத்தின ஜனங்களுக்கு எடுத்த படம் இது. அவர்களுக்குத் துணி என்பது ஆசைப்பொருள் அல்ல, தேவை.

மறுப்பைச் சொன்னாலும் அந்தத் தொழிலாளிகளின் பயத்தை என்னால் தள்ள முடியவில்லை. 1982இல் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்துக்குக் காரணம் கூலி, போனஸ், கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் அதற்குப் பின் பரேல், லால்பாக் பக்கம் மில் சங்கு ஒவ்வொன்றாய் ஓய்ந்ததைக் கண்டவர்கள், படத்துக் கூட்டத்தின் ஓட்டத்தை வெறும் வேடிக்கையாகப் பார்க்கமாட்டார்கள்.

முடிவில் துணி தானாகவே பஞ்சு பஞ்சாய்ப் பிய்கிறது. துரத்தி வந்தவர்கள் ஆளுக்கொரு கை பிய்த்து எறிந்து, அவனை அரைகுறை உடுப்பில் நடுத்தெருவில் நிறுத்திச் சிரிக்கிறார்கள். பிழைப்பு மிஞ்சிய சிரிப்பு அது. அவர்கள் சிரிக்கையில் நமக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. பிறகு, வேலையிழந்து மில்லை விட்டுப் போகும்போது சிட்னி தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டுகிறான். ஏதோ பிடிபட்டவன்போல் முகம் மலர்ந்து, நிமிர்ந்து வேகமாக நடக்கிறான். பின்னணியில் அவனுடைய கண்ணாடிக் குழாய்களின் ‘குளுக் குளுக்’ சத்தம் மறுபடி கேட்கத் தொடங்குகிறது.