கடைசியாகக் கை பட்ட இடம்

சர்வீஸ் முடித்து எடுத்த கார் மறுநாள் காலையே மேம்பாலம் ஏறத் திணறியது. ஆயில் மாற்றி, பிளக் மாற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்த வண்டி. சர்வீசுக்கு விடுவதற்கு முதல் நாள் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஒரு நடுக்கம் வந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூரில் பல வருடமாக நான் போகும் பட்டறைக்கு ஓட்டிப் போனேன்.

“பானெட்டத் திறக்கட்டுங்களாண்ணா?” என்றேன்.

“அது இருக்கட்டுங்க. சர்வீஸ் பில்லு கொண்டாந்தீங்களா?” என்றார் மெக்கானிக்.

வாங்கி, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் நான்கு. நான் பணம் கட்டியதோடு மறந்துவிட்ட காகிதம் அது. அவருக்கோ, நேற்று இந்த இன்ஜினில் எங்கெல்லாம் கை பட்டது என்ற வரைபடம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சர்வீசுக்குப் பிறகு கெட்டால், முதலில் கடைசியாகக் கை பட்ட இடத்தைப் பார் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். பாடம் எளிது, அதைக் கடைப்பிடிக்கிற பொறுமை அரிது. ஃபியூயல் பம்ப் போயிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம் என்று ஆரம்பித்து, புதிதாக நான்கு இடத்தில் கை வைத்து, எது பழைய கோளாறு எது புதிய கோளாறு என்று தெரியாத நிலைக்குக் கொண்டுபோகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பில்லை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கேட்டார். அவர் கேட்கிற விதத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்தப் பட்டறைக்குப் போவதுண்டு. ஏ.சி.யை அணைக்கச் சொல்லி, பையனிடம் ரேடியோவை நிறுத்தச் சொல்லி, வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து சைலன்சர் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். புகை ஒரே சீராக வந்தால் கையில் ஒரே அழுத்தம். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் நடுநடுவே ஒரு வெற்றிடம் தட்டும்.

“மிஸ்ஸிங் அடிக்குதுங்க. ஒரு சிலிண்டர் வேலை செய்யலை.”

எப்படிக் கேட்கிறது இது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,600 எரிப்பு, வினாடிக்குக் கிட்டத்தட்ட 27. அந்த வேகத்தில் தனித்தனி அடி காதில் விழாது. எல்லாம் சேர்ந்து ஓர் உறுமலாகிவிடும். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால், அந்த இடைவெளி வினாடிக்கு ஏழு முறைக்குள்தான் வருகிறது. ஏழு என்பது காது எட்டிப் பிடிக்கிற வேகம். தவில்காரருக்கு ஒரு விரல் தளர்ந்தால் பந்தலின் கடைசி வரிசையில் இருக்கும் ரசிகருக்குத் தெரிவது போல, உறுமலுக்குள் ஒரு நொண்டல் தெரியும். காரின் கணினியும் இதையேதான் செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். எரியாத சிலிண்டரின் முறை வரும்போது சக்கரம் ஒரு துளி மெதுவாகும். அதை வைத்து மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஏற்பாடு. மெக்கானிக்கின் உள்ளங்கை அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இதைச் செய்துவருகிறது.

அடுத்தது எந்த சிலிண்டர் என்ற கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில், பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒவ்வொரு இக்னிஷன் காயிலின் கனெக்டரையும் ஒரு கணம் கழற்றி மாட்டினார். ஒரு கணம்தான், அதிக நேரம் விட்டால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். முதல் சிலிண்டரில் கழற்றியதும் இன்ஜின் இன்னும் தடுமாறியது. அது வேலை செய்கிற சிலிண்டர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே தூங்குகிறவனை எப்படித் தூங்கவைப்பது!

இனி, காயிலா பிளக்கா? எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இன்ஜினை அணைத்து, மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும் இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றிப் போட்டார். நொண்டல் காயிலோடு இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். சர்வீசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், சாகும் தறுவாயில் இருந்த பழைய காயில் அன்றைக்குப் பார்த்துச் செத்திருக்கலாம். கடைசியாகக் கை பட்ட இடத்தைப் பார்க்கத் தெரிந்தவர், கை பட்டதாலேயே பழி போடக் கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பாகம் எதுவும் வாங்காமல், ஒரு பைசா செலவில்லாமல், இரண்டில் ஒன்று தீர்ந்துவிடும்.

நொண்டல் மூன்றிலேயே நின்றது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கருப்பு இழை. மாட்டும்போது ஸ்பேனர் சாய்ந்து பீங்கானில் முடி அளவு கீறல் விழுந்திருக்கிறது. பிளக்குக்கு வரும் மின்சாரம் 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடியது. சிலிண்டருக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டியது, வெளியே கீறல் வழியாகவே இரும்பில் இறங்கிவிடுகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; உள்ளே பொறி தாவுவது இன்னும் கடினமாகும்; மின்சாரம் சுலபமான வழியைத் தேடும். மேம்பாலத்தில் திணறியதன் காரணம் அதுதான். அதோடு விடவில்லை. அந்தக் கருப்பு இழையின் அச்சு காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். விழுந்திருந்தால் புது பிளக்கையும் அது கெடுக்கும். நல்லவேளை, இல்லை.

புது பிளக்கை மாட்டிய அழகைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு சாண் நீள ரப்பர் ஓஸின் நுனியில் பிளக்கின் தலையைச் செருகி, குழிக்குள் இறக்கி, ஓஸை விரலால் உருட்டினார். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுற்றும். கோணலாக ஏறினால் ஓஸ் வழுக்கிவிடும், மரை கெடாது. கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர், அதுவும் நிமிர்ந்து நேராக.

பட்டறையில் அன்று சும்மா உட்கார்ந்திருந்ததில் இன்னும் சில கேட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றியவர் ஓஸ் கிளிப்பைச் சரியாக உட்காரவைக்காவிட்டால், சில வண்டிகளில் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் ஆடும், வேகத்தில் சரியாகும். டீசல் வண்டியில் ஃபில்டர் மாற்றி ஏர் எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆகி அணையும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால், அழுக்குக்குப் பழகிய கணினி புது அளவைக் கற்கும் வரை ஐடிலிங் ஏறி இறங்கும். அது கோளாறே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுக்கம், ஒரு நேரம், ஒரு வாசனை.

எல்லாம் முடிந்த பிறகே ஸ்கேனரை எடுத்து மாட்டினார். பி0303 என்று காட்டியது, மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங். அந்த எரர் கோடை அழித்துவிட்டு, என்னை மேம்பாலம் வரை ஓட்டிவரச் சொன்னார்.

சர்வீஸ் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டி தகராறு செய்தால் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் அதைக் கொடுங்கள். அவர் அதை வாங்கிப் படித்தால், அந்தப் பட்டறையை விட்டுவிடாதீர்கள்.