பந்தய அளவும் பை அளவும்: இணையப் போக்கர் குறித்த ஒரு விமர்சனம்

இணையத்தில் பணம் வைத்து ஆடப்படும் 'நோ-லிமிட்' போக்கரில் பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லை. மேசையில் தனக்கு முன்னால் உள்ள பணம் முழுவதையும் ஒருவர் ஒரே முறையில் வைத்துவிடலாம். ஆகவே எந்தச் சீட்டை ஆடுவது என்பதற்கு இணையாக, எவ்வளவு வைப்பது என்பதும் இவ்வாட்டத்தின் முதன்மையான திறமையாகக் கற்பிக்கப்படுகிறது. போக்கர் சூதல்ல, திறமை ஆட்டம் என்னும் வாதத்துக்கும் இது வலுவான தூண். அந்தக் கணக்கு சரியானதுதான். ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழக, கர்நாடக எல்லையில் தொழிற்சாலைகளும் ஷிப்ட் வேலையும் நிறைந்த ஓசூரை முன்வைத்து அதைப் பார்க்கலாம்.

கணக்கு சொல்வது

மேசை நடுவே குவியும் பணத்தை ஆடுவோர் 'பாட்' என்பர். பாட்டில் 100 ரூபாய் இருக்கையில் ஒருவர் 50 வைக்கிறார் என்று கொள்வோம். எதிராளி 50 கொடுத்துத் தொடர்ந்தால் மொத்தம் 200 ஆகும். ஆக, அவர் வெல்லும் வாய்ப்பு குறைந்தது 25 விழுக்காடு இருந்தால்தான் தொடர்வது நட்டமில்லாதது. பந்தயம் 100 என்றால் 33 விழுக்காடு தேவை. 200 என்றால் 40.

ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்து, கடைசிச் சீட்டுக்காகக் காத்திருப்பவரின் வாய்ப்பு 46-இல் 9, அதாவது 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பாட்டில் பாதியைப் பந்தயமாக வைத்தால் அவர் தொடர்வது தவறாகிறது. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வைத்தால் 14 விழுக்காடு போதும் என்பதால் அவர் தொடர்வது சரியாகிறது. எதிராளியின் முடிவைச் சரியாகவோ தவறாகவோ மாற்றுவது இங்கே பந்தய அளவுதான். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. பாட்டைவிடப் பெரிய பந்தயங்களை வழக்கத்துக்கு மாறான இடங்களில் அது வைத்தது பலரையும் வியக்கச் செய்தது.

கணக்கு சொல்லாதது

ஆனால் அந்தப் போட்டி 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்களாக நடந்தது. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துத் திறமையை அடையாளம் காண அத்தனை ஆட்டங்கள் வைக்கப்பட்டன. வேலை முடிந்து இரவில் நான்கு மணி நேரம், மணிக்கு 60 ஆட்டம் ஆடும் ஒருவருக்கு அந்த எண்ணிக்கையை எட்ட 500 இரவுகள் வேண்டும்.

மாதம் 18,000 ரூபாய் பெறும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் கூலி 692 ரூபாய். அவர் 5/10 ரூபாய் மேசையில் 1,000 ரூபாயுடன் அமர்கிறார். பாட்டில் 60 ரூபாய் இருக்கும்போது தொடங்கி, மூன்று சுற்றிலும் பாதிப் பாட் வைத்தால் அவர் போடுவது 30, 60, 120 என மொத்தம் 210 ரூபாய். ஒவ்வொரு முறையும் முழுப் பாட் வைத்தால் 60, 180, 540 என மொத்தம் 780 ரூபாய். பந்தய அளவு இரண்டு மடங்கானபோது, போட்ட பணம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. ஒரே ஆட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு மேல் வெளியே போய்விட்டது. பாட்டை வைத்துப் பார்த்தால் இது பிழையற்ற ஆட்டமாகவே இருக்கலாம்.

இதற்குப் போக்கர் ஆசிரியர்களிடம் பதில் உண்டு: மேசையில் அமரும் தொகையைப் போல 20 மடங்காவது தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்பார்கள். இந்த மேசைக்கு அது 20,000 ரூபாய், அவருடைய மாதச் சம்பளத்துக்கும் மேல். 1/2 ரூபாய் மேசைக்கு இறங்கினால் 4,000 போதும். ஆனால் 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட், அதாவது 10 ரூபாய், லாபம் எடுக்கும் நல்ல ஆட்டக்காரர்கூட அங்கே நான்கு மணி நேரத்தில் ஈட்டுவது 24 ரூபாய். இரண்டு டீக்கு ஆகும் பணம். தன் பைக்கு ஏற்ற மேசையில் ஆடினால் வருமானம் இல்லை; வருமானம் தரும் மேசைக்குப் பை போதாது. பயிற்சிப் பாடங்கள் அழுத்திச் சொல்லாத இடம் இதுவே.

இதன் மேல் தளம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 2023 அக்டோபர் 1 முதல், செலுத்தும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. மேலே காட்டிய வாய்ப்புக் கணக்கில் இவை இரண்டும் சேரவில்லை.

ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும்

சட்டம் இந்தச் சிக்கலை எப்படி அணுகியது என்பதை ஓசூர் எல்லை தெளிவாகக் காட்டுகிறது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டத்தால் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தபோது, ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் தடை இல்லை. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழகச் சட்டத்தை ரத்து செய்தது. அக்டோபர் 5 அன்று கர்நாடகத் தடை நடைமுறைக்கு வந்தது. இப்போது தடை எல்லையின் அந்தப் பக்கம். 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது.

இணைய ஆட்டக் கடனால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து, நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு புதிய சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. 2025-இல் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தைத் தடுத்தன. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருபவருக்குப் பொருந்திய அந்தக் கடிகாரம் சில கிலோமீட்டர் தள்ளி இல்லை. பண வரம்பை ஆடுபவரே நிர்ணயித்துக்கொள்ள விடப்பட்டது. அதை அவருடைய வருமானத்தோடு இணைக்க முயற்சி இல்லை.

கடைசியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பாராமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. எல்லையின் இரு பக்கமும் ஒன்றாயின.

மதிப்பீடு

1967-இல் ரம்மி வழக்கிலும், 1996-இல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றே: ஆட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா? இது ஆட்டத்தின் இயல்பைப் பற்றிய கேள்வி. அதற்குப் போக்கர் தரப்பு சொல்லும் விடை பெரும்பாலும் சரி. ஆனால் இழப்பு ஆட்டத்துக்கு நேர்வதில்லை, ஆடுபவருக்கு நேர்கிறது. 780 ரூபாய் ஒருவருக்குப் பொழுதுபோக்குச் செலவு. இன்னொருவருக்கு ஒரு நாள் உழைப்பு.

புதிய சட்டம் பழைய கேள்வியைக் கைவிட்டது. இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. 200 ரூபாய் மேசையையும் லட்ச ரூபாய் மேசையையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. வெளிநாட்டுத் தளங்களை நாடுபவருக்கோ எந்த வரம்பும் இல்லை. பந்தய அளவைப் படிக்கும் மாணவர் நிகழ்தகவை அதிலிருந்து தாராளமாகக் கற்கலாம். ஆனால் ஒரு பந்தயத்தைப் பெரியது, சிறியது என்று சொல்வதற்கு முன், பாட்டோடு வைப்பவரின் மாத வருமானத்தையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.