மீட்டுவார் இல்லா இசை: சுசீந்திரம் தூண்களும் கபிலரின் மூங்கிலும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைக் காணச் செல்வோர் 'கல் பாடுகிறது' என்று வியந்து திரும்புகின்றனர். இவ்வியப்பு மறுபரிசீலனைக்குரியது. ஒரே கல்லிற் செதுக்கிய மெல்லிய தூண்களின் தொகுதி அது; தட்டினால் ஒலிக்கும், தட்டாவிடின் வெறுங்கல். நெல்லை மாவட்டச் செண்பகராமநல்லூர்க் கோயில் தூணிலோ ஒரு துளையில் ஊதினால் சங்கொலியும் மற்றொன்றில் எக்காள ஒலியும் எழும். அங்கும் ஊதுவார் ஒருவர் வேண்டும்.

கையையும் வாயையும் விலக்கிக் காற்றையே கலைஞனாக்கியவர் கபிலர் (அகநானூறு 82). அசையும் மூங்கிலின் துளைகளில் மேல்காற்றாகிய கோடை புகுந்து குழலிசையாகிறது, அருவி முழவாகிறது, கலைமான்களின் குரல் தூம்பாகிறது, வண்டு யாழாகிறது. மந்திகள் அவையினராய் மருண்டு நோக்க, மயில் விறலியைப்போல ஆடுகிறது. இதனை இயற்கை வருணனை என்று கூறிக் கடந்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். அவ்வாறு கடந்தால் பாடலின் பிற்பகுதி விளங்காது. யானை சென்ற வழியை வினவித் தினைப்புன வாயிலில் நின்றவனைப் பலரும் கண்டனர். இருளில் கண்ணீரோடு தோள் நெகிழ்பவள் மட்டும் தான் ஒருத்தியாவது ஏன் என்கிறாள் தலைவி. அவன் மலையிலோ இசைப்போரும் கேட்போரும் ஒருங்கே கூடியிருக்கின்றனர். அக்கூட்டத்தில் மனிதர் எவருமில்லை. மனிதக் கை படாத அந்நிறைவுக்கு எதிரே நிறுத்தப்படுவதனாலேயே அவளது தனிமை இத்துணைக் கூர்மை பெறுகிறது.

இங்கிலாந்தின் பர்ன்லி நகருக்கு மேலுள்ள குன்றில், டொங்கின் லியு கட்டடக்கலைஞர்கள் 2006இல் அமைத்த 'பாடும் ஒலிக்கும் மரம்' கபிலரின் மூங்கிலுக்கு நெருங்கிய உறவு. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள எஃகுக் குழாய் அடுக்கு அது. சில குழாய்கள் தாங்குவதற்கு. வேறு சில குறுக்கே வெட்டப்பட்டு, நீளத்திற்கேற்ப அடியில் துளையிட்டுச் சுருதி கூட்டப்பட்டவை. எச்சுருதி என்பதைச் செய்தவர் முடிவு செய்கிறார். எப்பொழுது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. காற்றில்லா நாளில் செல்பவருக்கு எதுவும் கேட்காது. இதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை. கேட்டவுடன் ஒலித்துக் காட்டும் சுசீந்திரத் தூண் தராத காத்திருப்பு அது.

தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று முப்பந்தலில் மின்னாற்றலாக அளக்கப்படுகிறது. கபிலரின் கோடையும் மேற்கிலிருந்து வருவதே. துளையிட்ட குழாய்கள் சிலவற்றை நிறுத்த நாஞ்சில் நாட்டில் இதனினும் தக்க இடமில்லை. பழங்கல்லைத் தட்ட வேண்டிய தேவையும் அங்கு இராது.