பலகை மாறினால் படகு மாறுமா?

உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று காரைக்கால் கரையின் கோட்டுச்சேரிமேட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆணி துருவேறும், பலகை இற்றுப்போகும். இற்றதைக் கழற்றி வேறு பலகை அடித்தால் படகு மறுபடி கடலுக்குப் போகும். முன்னால் அணியத்தில் இரண்டு, பின்னால் அமரத்தில் நான்கு என்று மாற்றிக்கொண்டே வந்து கடைசியில் அடிக்கட்டையான ஏராவும் மாறிவிட்டால், அது பழைய படகா, புதுப் படகா? இரண்டாம் உலகப்போரின் சண்டை விமானங்களை மீண்டும் பறக்க வைப்பவர்கள் அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நம் மொழியில் கருவறைக்கு மேலே நிற்பதற்கும் விமானம் என்றுதான் பெயர். அந்த விமானத்தின் திருப்பணிக்கு ஆகமம் முறை வகுத்திருக்கிறது. இறைசக்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்த பிறகே வேலை தொடங்கும். சுதை மாறலாம், கல்கூட மாறலாம், வழிபாடு அறுபடாது. பறக்கும் விமானத்துக்கு அப்படியொரு தொடர்ச்சியைத் தருவது எது? எழுதிவைத்த கணக்கும், வேலை தெரிந்த கையும் என்பது என் துணிபு. பழைய உலோகம் எவ்வளவு மிச்சம் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

இதைப் பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் கான்பூரை மறந்துவிடுகிறார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அங்கே பிரிட்டிஷார் கைவிட்டுப் போனார்கள். யாரும் மறுபடி பயன்படுத்திவிடக் கூடாது என்று அவற்றை அடித்து நொறுக்கியும் வைத்தார்கள். 1948-இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தின் தொழிலாளர்கள் அந்தக் குப்பைமேட்டுக்குள் இறங்கி, ஒன்றின் இறக்கையை இன்னொன்றின் உடலில் பொருத்தி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுச் செப்பனிடல் அங்கே நடந்தது. இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை உயிர்பெற்றன. அதே ஆண்டில் விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைப் பெற்றது. 1968 வரை அவை நம் வானில் பறந்தன. இன்று லண்டன் அரச விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டரும், அமெரிக்காவில் 1989-இல் மீண்டும் பறக்கத் தொடங்கிய லிபரேட்டரும் இந்திய விமானப்படையில் பணியாற்றியவையே. அவை சண்டை விமானங்கள் அல்ல, உண்மைதான். ஆனால் இந்தக் கலையின் முதல் பெரும்பாடம் நம் மண்ணில், ஏக்கத்தால் அல்ல, தேவையால் எழுதப்பட்டது.

பிரிட்டிஷ் மரபு இந்தக் கலைக்கு இலக்கணம் தந்தது. அதன் சிறந்த சான்றும் இந்தியாவில்தான் கிடந்தது. ஆர் 4118 என்ற எண் கொண்ட ஹரிக்கேன் சண்டை விமானம், 1940-இல் பிரிட்டன் வான்போரில் 49 முறை களமிறங்கியது. பின்னர் இந்தியாவுக்குக் கப்பலேறி, 1947-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிக்குப் பாடப்பொருளாகப் போய்ச் சேர்ந்தது. 1982-இல் பிரிட்டிஷ் விமான ஆர்வலர் பீட்டர் வேச்சர் அதைக் கண்டார். ஏறத்தாழ இருபதாண்டு முயற்சிக்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பர் 23 அன்று அது மீண்டும் பறந்தது. ஹரிக்கேனின் நடு இறக்கைச் சட்டம் எஃகுத் தகட்டைப் பல பட்டையாக உருட்டிச் செய்தது. அந்த உருட்டு முறை வழக்கொழிந்து போயிருந்தது. விமானத்தைச் செய்வதற்கு முன் அதைச் செய்யும் கருவிகளைச் செய்ய வேண்டியிருந்தது. உடலின் பின்பாதி மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. மேலே பூசும் டோப் பூச்சில்தான் அது மத்தளத் தோல்போல இறுகும். இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் அலுமினியத் தோலுக்கு அடிக்கும் ரிவெட்டுகளில் சில வகையைச் சூடேற்றிப் பதப்படுத்தியதும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், தாமதித்தால் கல்லாகிவிடும். இதையெல்லாம் புத்தகம் சொல்லும். எந்த ஓசையில் ரிவெட் சரியாக உட்கார்ந்தது என்பதைப் பக்கத்தில் நிற்கும் மூத்த கைதான் சொல்லும்.

கடற்கரைக்காரர்களான நமக்கு இன்னொரு விமானம் நெருக்கமானது. பி 9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம் பிரான்ஸின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்தது. நாற்பது ஆண்டு கழித்து மணல் விலகியபோது வெளியே வந்தது. 2011-இல் பறந்தது. உப்பு தின்ற அந்த உடலில் மீண்டும் பறக்கத் தகுந்த உலோகம் மிகக் கொஞ்சம். பெரும்பகுதி புதிதாகச் செய்ததே. நியூசிலாந்து மரபு இதைவிடத் துணிந்தது. மாஸ்கிட்டோ மரத்தால் ஆன விமானம். 1944-இல் நம் நாட்டுப் பக்கம் வந்த மாஸ்கிட்டோக்களில் ஒட்டுகள் விட்டு விபத்துகள் நேர்ந்தன. வெப்பமும் ஈரப்பதமுமே காரணம் என்று முதலில் எண்ணினார்கள்; தயாரிப்புக் குறையே காரணம் என்று பின்வந்த விசாரணைகள் கண்டன. மழைக்காலத்தில் கதவு உப்பிப்போகும் ஊர்க்காரர்களுக்கு அந்த முதல் எண்ணம் வியப்பல்ல. பழைய மரத்தையும் பழைய பசையையும் நம்பிப் பறக்கவே முடியாது என்பதால், ஆக்லாந்துக்காரர்கள் அச்சையே மறுபடி செதுக்கி உடலைப் புதிதாக வார்த்து, 2012-இல் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அமெரிக்கர்கள் 1992-இல் கிரீன்லாந்துப் பனிக்குள் எண்பது மீட்டர் ஆழத்திலிருந்து பி-38 சண்டை விமானம் ஒன்றைத் தோண்டியெடுத்து 2002-இல் பறக்கவைத்தார்கள். மீட்பின் தீரத்தில் அவர்களை விஞ்ச ஆளில்லை. போர்க்காலத் தொழிற்சாலையில் இருந்ததைவிட மினுமினுப்பாக மெருகேற்றும் அவர்களில் பலரது பழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அவசரத்தில் பூசிய மங்கல் வண்ணமும் வரலாறுதான்.

இதற்கெல்லாம் எதிரே நிற்பது அருங்காட்சியக மரபு. நார்வே ஏரியிலிருந்து 1973-இல் எடுத்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை, லண்டனில் பெரும்பாலும் எடுத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். பறக்க வைப்பது என்றால் பாதுகாப்புக்காகப் பழையதை வெட்டி எறிவது, எனவே மீட்பு என்பதே அழிப்பு என்பது இத்தரப்பின் வாதம். இது வலுவான வாதம். முழு உடலோடு, முதல் பூச்சோடு எஞ்சியிருப்பதைக் கழற்றிப் பறக்கவிடுவது தவறு என்று நானும் ஒப்புகிறேன். ஆனால் கலே மணலில் கிடந்த எலும்புக்கூட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதில் அழிப்பதற்கு அதிகம் இல்லை, கற்பதற்கு நிறைய உண்டு. மரபுகளுக்குள் சண்டை மூட்டுவதைவிட, எந்த விமானத்துக்கு எந்த மரபு என்று கேட்பதே நேர்மை.

உயிர்ச்சேதம் பற்றிய மறுப்பைத் தாண்டிச் செல்ல முடியாது. 2022 நவம்பரில் டல்லஸ் கண்காட்சியில் இரு பழைய விமானங்கள் மோதி ஆறு பேர் மாண்டார்கள். 2015-இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஒரு பழைய ஜெட் சாலையில் விழுந்து பதினொருவர் இறந்தார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கக் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்கள் அல்லர். இதற்கு விடை பறப்பதை நிறுத்துவதல்ல. கூட்டத்தின் தலைக்கு மேலே சாகசம் செய்வதை நிறுத்தலாம். நேராக, அளவாக, கரையோரமாகப் பறந்தாலே அந்த எஞ்சினின் குரல் கேட்கும். யாருடைய போர், நமக்கென்ன என்பது இன்னொரு மறுப்பு. 1940 செப்டம்பரில் காரைக்கால், பிரெஞ்சிந்தியாவோடு சேர்ந்து, சுதந்திர பிரான்ஸின் தலைவர் தெகோலின் பக்கம் நின்றது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், நமக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் திருகோணமலையையும் தாக்கியபோது எதிர்த்து எழும்பியவை ஹரிக்கேன்கள். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானிகள் ஓட்டியவையும் அவைதான். அந்தப் போர் நம் வாசல் வரை வந்தது.

இனி நம் நிலை. 2012-இல் மீண்டும் பறந்த நம் விமானப்படையின் டைகர் மோத் பயிற்சி விமானம், பிரிட்டன் நிறுவனம் ஒன்றின் கையால் புதுப்பிக்கப்பட்டது. 2018-இல் வந்துசேர்ந்த டகோட்டா போக்குவரத்து விமானம் 'பரசுராமா'வும் இங்கிலாந்தில் சீராகிப் பறந்துவந்ததே. அதன் மேல் எழுதியிருக்கும் வி.பி. 905 என்பது 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாவின் எண். இது 1944-இல் உருவான வேறு டகோட்டா. மரியாதைக்காகச் சூட்டிய எண் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதால் அதில் பொய்யில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நமக்குப் புதிதா? கணக்கு ஒழுங்காக இருக்கிறது. கைதான் இல்லை. நொறுக்கிப் போட்டதிலிருந்து நாற்பது விமானங்களை எழுப்பிய நாடு, எழுபதாண்டுக்குள் ஒன்றைச் சீராக்க வெளிநாட்டுக் கையை நாட நேர்ந்தது எப்படி? சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, மரப்படகு செய்யும் கைகள் நம் கரையில் குறைந்தது எப்படியோ அப்படித்தான்: வேலை நின்றது, கற்றவர் ஓய்ந்தார், அடுத்தவர் கற்கவில்லை. தில்லி பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹரிக்கேனையும் டெம்பஸ்டையும் பறக்கவிடச் சொல்லமாட்டேன்; அவை ஹாலிஃபாக்ஸ் வரிசையைச் சேர்ந்தவை, அப்படியே நிற்கட்டும். டைகர் மோத் மரமும் துணியும் எஃகுக் குழாயும் கொண்ட எளிய விமானம். அதன் அடுத்த பெரிய செப்பனிடலையாவது பெங்களூரிலோ கான்பூரிலோ வைத்து, தொழிற்பயிற்சி நிலைய மாணவர் பத்துப் பேரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நிறுத்த வேண்டும். எந்த உறுப்பு பழையது, எது புதிது, யார் செய்தது என்று அவர்கள் கையாலேயே ஏட்டில் எழுத வேண்டும்.